‘பாக்ஸ்’ போச்சு

கொடுங்கையூரில் ஓடும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளில் மீன் ஏறி நான் பார்த்ததில்லை. காசிமேட்டுப் பக்கம் போனால் பார்க்கலாம். எங்கள் பகுதியில் அதில் ஏறுவது தண்ணீர் கேன், மணல் மூட்டை, வீடு மாறுகிறவர்களின் பீரோ, பந்தல்காரரின் நாற்காலிகள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய பிளாஸ்டிக்கும் அட்டையும் இரும்பும். தெற்குச் சென்னைக் குப்பைக்குப் பெருங்குடி, வடக்குக்குக் கொடுங்கையூர் என்று மாநகராட்சி பல காலமாகச் செய்துவைத்த ஏற்பாடு. அந்தக் குப்பைமேட்டை நம்பிப் பல நூறு குடும்பங்கள் பொறுக்கிப் பிழைத்தன. பொறுக்கியதை எடை போட்டு வாங்கிக் குடோனுக்குக் கொண்டு சேர்ப்பவர்களுக்கு மீன்பாடி வண்டிதான் கை, கால் எல்லாம்.

முன்பெல்லாம் அந்த வண்டிகளில் காயலான் கடையில் எடுத்த ஸ்கூட்டர் எஞ்சின் இருக்கும். தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் பேச்சு நின்றுவிடும், அவ்வளவு சத்தம். ஆர்.சி. கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, போலீஸ் பிடித்தால் பதிலும் கிடையாது. சில வருடங்களாக எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான்கு பேட்டரியும் ஒரு மோட்டாரும் வைத்துச் செயின் போட்டு ஓட்டுகிறார்கள். சத்தம் போனது, சட்டச் சிக்கல் போகவில்லை. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, இ-ரிக்‌ஷாவுக்கும் சரக்கு ஏற்றும் இ-கார்ட்டுக்கும் தனி இடம் கொடுத்தார்கள். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், சரக்கு 310 கிலோ என்று வரம்பு. எங்கள் தெருவில் 310 கிலோ என்று சொன்னால் சிரிப்பார்கள். அது பாதி லோடு.

நான் மணலியில் ஒரு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முத்தமிழ் நகர் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, மீட்டர், சால்டரிங் அயர்ன். மிக்ஸி, இன்வெர்ட்டர் என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவருவார்கள். 2024 கோடையில் ஒரு சாயங்காலம் எடைக்கு வாங்கும் அம்மா ஒருவர் தன் மீன்பாடி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். கூடவே பழைய அட்டைப்பெட்டியில் இரண்டு அலுமினியப் பெட்டிகள். இரண்டும் செத்த கன்ட்ரோலர்; கடைகளில் அதற்குப் பெயர் ‘பாக்ஸ்’.

“அண்ணா, பாக்ஸு போச்சுன்னாங்க. புதுசு வாங்கிப் போட்டேன். அதுவும் போச்சு. இப்போ மோட்டாரே போச்சுங்கறாங்க.”

“மோட்டார் போச்சுன்னு எத வெச்சும்மா சொன்னாங்க?”

“தொட்டுப் பார்த்தாரு. சூடா இருக்குதுன்னாரு.”

வடசென்னையில் மே மாத வெயிலில் நின்ற வண்டி சூடாக இல்லாமல் என்ன செய்யும்? ஆனால் அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை. கடைகளில் இந்த வேலை இப்படித்தான் நடக்கிறது. ஓடவில்லையா, பாக்ஸை மாற்று. அப்போதும் ஓடவில்லையா, மோட்டாரை மாற்று. பழையதைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஒரு பாக்ஸ் 1,500 ரூபாய் என்றால் அந்த அம்மாவுக்கு அது எத்தனை நாள் பிளாஸ்டிக் என்று கணக்குப் போடவும் யாருக்கும் அவசியமில்லை.

இந்தப் பாக்ஸ் எனக்குப் புதிதல்ல. மணலியில் பம்புகளை ஓட்டும் ‘டிரைவ்’ இதன் பெரிய அண்ணன். அங்கே 415 வோல்ட் வந்து உள்ளே டி.சி. ஆகி, ஆறு சுவிட்ச் வழியாக மறுபடி மூன்று பேஸாக வெளியே போகும். இங்கே 48 வோல்ட் பேட்டரி நேராகவே டி.சி.; அதே ஆறு சுவிட்ச். மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்த வயர் மோட்டாருக்குப் போகிறது. ஒவ்வொரு வயருக்கும் மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். மேலே இருப்பது பேட்டரி பாசிட்டிவோடு சேர்க்கும், கீழே இருப்பது நெகட்டிவோடு. ஒரு வயரின் மேலும் கீழும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் பேட்டரியே ஷார்ட். சுவிட்ச் என்பது மாஸ்பெட். கரண்ட் அதிகம் வேண்டுமென்றால் ஒரு இடத்துக்கு இரண்டாக வைத்துப் பன்னிரண்டு மாஸ்பெட் போடுவார்கள். மோட்டாருக்குள் மூன்று ஹால் சென்சார் உட்கார்ந்துகொண்டு, காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் அடுத்து எந்த இரண்டைத் திறப்பது என்று பாக்ஸ் முடிவு செய்யும்.

பார்க்கும் வரிசை ஒன்று உண்டு. காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். செயினைக் கழற்றிவிட்டு, மூன்று தடித்த வயரையும் பிரித்துவிட்டு, மோட்டாரின் பல்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். லேசாகச் சுற்றியது. பிறகு பாக்ஸோடு வயரைச் சேர்த்துச் சுற்றினால் இழுத்துப் பிடித்தது. பேட்டரியே இணைக்கவில்லை, ஆனாலும் பிடிக்கிறது. சுற்றும் மோட்டார் தானே ஒரு டைனமோ. உள்ளே ஏதோ ஒரு மாஸ்பெட் ஷார்ட் ஆகிக் கிடந்தால் அது உண்டாக்கும் கரண்ட் அதிலேயே சுற்றிவந்து பிரேக் போட்டதுபோல நிறுத்தும். வயரைப் பிரித்த பிறகும் பிடித்திருந்தால் மோட்டார் காயிலைச் சந்தேகப்படலாம். இங்கே மோட்டார் நல்லது. ஹால் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து மெல்லச் சுற்றினேன். மூன்று சிக்னலும் பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் ஒழுங்காக மாறின. இதற்கு ஒரு மீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

“மோட்டார் நல்லாத்தான்மா இருக்கு,” என்றேன். அந்த அம்மா நம்பவில்லை. டாக்டர் ஒன்று சொல்ல, ஸ்கேன் எடுப்பவன் வேறு சொன்ன முகம்.

மீட்டரை டயோடு நிலையில் வைத்து இரண்டு பாக்ஸையும் பார்த்தேன். சிவப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, கறுப்பு முனையால் மஞ்சள், பச்சை, நீல வயரைத் தொட வேண்டும். நல்ல மாஸ்பெட் என்றால் 0.5 வோல்ட் பக்கம் காட்டும். முதல் பாக்ஸில் மஞ்சளும் பச்சையும் அப்படியே, நீலத்தில் பூஜ்யம். இரண்டாவது பாக்ஸிலும் நீலத்தில் பூஜ்யம். முனைகளை மாற்றி, கறுப்பைப் பாசிட்டிவில் வைத்து, சிவப்பால் வயர்களைத் தொட்டு மேல்வரிசையைப் பார்த்தால், இரண்டாவது பாக்ஸில் மஞ்சளின் மேல் மாஸ்பெட்டும் போயிருந்தது.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். வெவ்வேறு கடையில் வாங்கிய இரண்டு பாக்ஸ் ஒரே வயரில் செத்திருக்கிறது. மட்டமான சரக்கு என்று சொல்லி முடித்துவிடலாம், மட்டம்தான். ஆனால் மட்டமான சரக்கு ஆளுக்கொரு இடத்தில் சாகும், இப்படி வாடிக்கையாக நீலத்தில் சாகாது. மஞ்சளில் மேலே, நீலத்தில் கீழே. அதாவது கரண்ட் பாசிட்டிவிலிருந்து மஞ்சள் வழியாகக் கிளம்பி, மோட்டார் காயிலுக்குள் போகாமல், குறுக்கே தாண்டி நீலம் வழியாக நெகட்டிவுக்கு வந்திருக்கிறது. வெளியே எங்கோ மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தொடுகின்றன.

எங்கே, எப்போது? அந்த அம்மாவிடம் எப்போது நின்றது என்று கேட்டேன். “லோடு வெச்சி மூலக்கடை பாலம் ஏறச்சொல்ல,” என்றார். இரண்டு தடவையுமா? இரண்டு தடவையும்தான். காலி வண்டியில் கடைக்காரர் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் நன்றாக ஓடியிருக்கிறது.

பலகையைத் தூக்கிப் பார்த்தோம். வயர்களைச் சேர்த்திருந்த தோட்டா மாதிரியான புல்லட் கனெக்டர்கள் மூன்றும் பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரே கட்டாகத் திணிக்கப்பட்டிருந்தன. மேலே சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் பிசுபிசுவென்று உருகியிருந்தது. டேப்பைப் பிரித்தால் மஞ்சளின் உறையும் நீலத்தின் உறையும் ஒன்றாக உருகி ஒட்டிக்கிடந்தன. உள்ளே செம்பு கறுத்துப்போய், மேலே பச்சைக் களிம்பு. லோடு ஏறும்போது பலகை தாழ்ந்து அந்தக் கட்டை அழுத்தும். உருகிய உறை வழியாக இரண்டும் தொட்டுக்கொள்ளும். லோடு இறங்கினால் விலகிவிடும். கடைக்காரர் காலி வண்டியில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இது சிக்காது.

களிம்பு எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததும் அந்த வெள்ளத்தில்தான். அந்த அம்மாவின் வண்டியும் சக்கரம் மூழ்க நின்றிருக்கிறது. மோட்டாரைத் துடைத்து, பேட்டரியைக் காயவைத்தார்கள். பலகைக்குக் கீழே கிடந்த கனெக்டரை யார் நினைப்பார்கள்? அதோடு, ஒரு பக்கம் குப்பைமேடு, மறுபக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். இரண்டிலிருந்தும் கிளம்புகிற அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது செம்பைக் கறுக்க வைக்கும், வெள்ளியையும் விடாது. எங்கள் வீடுகளில் கொலுசு சீக்கிரம் கறுக்கிறது என்று பெண்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு டி.வி. போர்டுகள் நினைவுக்கு வரும்.

கறுத்த செம்பு கரண்டைத் தடுக்கும். கொஞ்சம்தான், 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலம் ஏறும்போது 30 ஆம்பியர் போனால் அந்த இடத்தில் 9 வாட் சூடு. என் சால்டரிங் அயர்ன் 25 வாட். அது ஈயத்தை உருக்குகிறது. விரல் நுனி அளவு இடத்தில், காற்றும் போகாத டேப்புக்குள் 9 வாட் இருந்தால் பிளாஸ்டிக் உறை எத்தனை நாள் தாங்கும்? பாக்ஸில் வெடித்த மாஸ்பெட்டைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதைக் கொன்றது பத்து ரூபாய் கனெக்டர்.

இனி பாக்ஸைச் சரிசெய்வது. எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். “அங்கிள், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நானும் வரேன்,” என்றான். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தெரு அது. போனோம்.

பாக்ஸில் இருந்தது 75 வோல்ட் தாங்கும் மாஸ்பெட். 48 வோல்ட் என்று பெயரே தவிர, சார்ஜர் மாட்டியிருக்கும்போது நான்கு பேட்டரியும் சேர்ந்து 58 வோல்ட் வரை போகும். அதற்கு மேல், மாஸ்பெட் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் பேட்டரி வயரின் நீளத்துக்கு ஏற்ப ஒரு துள்ளல் வோல்டேஜ் எழும். அதை விழுங்கத்தான் வாசலில் கெப்பாசிட்டர். மீன்பாடி வண்டியில் பேட்டரி ஒரு மூலை, பாக்ஸ் ஒரு மூலை, வயர் நீளம். ஆகவே 100 வோல்ட் தாங்கும் ஐ.ஆர்.எஃப்.பி. 4110 போடலாம் என்று நினைத்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்தப் பெயர் அச்சிட்ட மாஸ்பெட் கடைக்கடையாகக் கிடைக்கும், விலையும் கடைக்குக் கடை வேறு. மிக மலிவானதை வாங்கினால் உள்ளே வேறு ஏதோ இருக்கும். மேலே தேய்த்துவிட்டுப் புது நம்பர் போட்டிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மாஸ்பெட்டைத் திறக்கும் முனையான கேட்டுக்கு 12 வோல்ட் கொடுத்து முழுதாகத் திறந்துவிட்டு, 5 ஆம்பியர் கரண்டை விட்டு, மற்ற இரண்டு முனைக்கும் இடையே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அசல் 4110 என்றால் 20 மில்லிவோல்ட் பக்கம் நிற்கும். 50 காட்டினால் அது வேறு சாதி மாஸ்பெட், சட்டை மட்டும் மாற்றியிருக்கிறது. முதலில் நாலைந்து மட்டும் வாங்கிவந்து சோதித்துவிட்டு, பிறகு அதே கடையில் மிச்சத்தை வாங்கினோம். இரண்டு மாஸ்பெட் ஜோடியாக இருக்கும் இடத்தில் ஒன்று போயிருந்தால் மற்றதையும் எடுத்துவிட வேண்டும். நல்லது மாதிரி இருக்கும், பாதி வெந்திருக்கும். அவற்றின் கேட் ரெசிஸ்டரையும் பார்க்க வேண்டும். ஹீட்சிங்கில் மைக்காத் தாளும் ஸ்குரூவின் புஷ்ஷும் சரியாக உட்கார்ந்தால்தான் பாக்ஸின் உடம்புக்கு ஷார்ட் வராது. இந்த வேலையில் அவசரப்படுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

பூட்டியதும் நேராகப் பேட்டரியில் மாட்டக் கூடாது. மணலி சாலையில் லாரிக்குப் பஞ்சமில்லை, ஆகவே 24 வோல்ட் லாரி ஹெட்லைட் பல்புக்கும் பஞ்சமில்லை. இரண்டை வரிசையாகச் சேர்த்தால் 48 வோல்ட் பல்பு. அதைப் பேட்டரிக்கும் பாக்ஸுக்கும் நடுவே வைத்து இணைக்க வேண்டும். பல்பு ஒருமுறை மின்னி அணைந்தால் கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது, உள்ளே ஷார்ட் இல்லை. நின்று எரிந்தால் இன்னும் எங்கோ தப்பு. ஆனால் புது மாஸ்பெட் பிழைத்துக்கொள்ளும், அடி பல்புக்குத்தான். எங்களுக்கு மின்னி அணைந்தது. ஆக்சிலரேட்டரில் 5 வோல்ட் வந்தது, முறுக்கினால் அதன் சிக்னல் 0.8-லிருந்து நாலு வரை ஏறியது, மோட்டார் மெல்லச் சுற்றியது. புல்லட் கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு லக் அடித்து, நட்டு போல்டில் முடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்லீவ் போட்டு, பலகை படாத இடத்தில் ஒன்றுக்கொன்று தள்ளிக் கட்டினேன். அந்த அம்மா அப்போதே லோடு ஏற்றி பாலம் ஏறிக் காட்டச் சொன்னார். நியாயம்தான். ஏறியது.

அந்தப் பையன் என்னோடு சுற்றியதற்குக் காரணம் இருந்தது. அவன் வீட்டில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு செத்துக் கிடந்தது, அவனே கட்டியது. கொடுங்கையூரில் ஸ்கேட்போர்டா என்று நானும்தான் கேட்டேன். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டாத தெரு ஒன்று கிடைத்தால் ஓட்டிக்கொள்வேன் என்றான். அதன் கன்ட்ரோலர், பெஞ்சமின் வெட்டர் என்ற ஸ்வீடன் பொறியாளர் வடிவமைத்து, சர்க்யூட்டையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்து கொடுத்த ‘வெஸ்க்’ வகை. உலகம் முழுக்க இப்படிப் போர்டு கட்டுபவர்கள் பயன்படுத்துவது. அவன் போனில் முழு சர்க்யூட் படத்தையும் காட்டினான். எந்த ரெசிஸ்டர் எங்கே, எந்தச் சில்லு என்ன வேலை என்று எல்லாம் இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. மீன்பாடி வண்டிப் பாக்ஸில் மூளைச் சில்லின் நம்பரைக்கூடச் சுரண்டி அழித்திருந்தார்கள்.

அவன் போர்டில் மாஸ்பெட் போகவில்லை. மாஸ்பெட்டைத் திறந்து மூடும் டி.ஆர்.வி. 8302 சில்லு போயிருந்தது. எப்போது போனது என்றேன். முழுக்கச் சார்ஜ் போட்டு வெளியே வந்து, முதல் பிரேக்கில். அதுவே போதும். ஸ்கேட்போர்டில் பிரேக் கட்டை கிடையாது. மோட்டாரே டைனமோவாகி வேகத்தைக் கரண்டாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி ஏற்கெனவே 42 வோல்ட்டில் நிரம்பியிருந்தது. பேட்டரியைக் காக்கும் போர்டு, இனி வேண்டாம் என்று கதவைச் சாத்தியிருக்கும். திரும்பி வந்த கரண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறிச் சில்லை அடித்திருக்கும். மணலியில் சில டிரைவ்களில் இதற்கென்றே பிரேக்கிங் ரெசிஸ்டர் இருக்கும். மிஞ்சும் கரண்டை அது சூடாக மாற்றித் தள்ளிவிடும். ஸ்கேட்போர்டில் அதற்கு இடமில்லை, ஆகவே கொஞ்சம் குறைவாகச் சார்ஜ் போடு என்றேன். சில்லின் அடிவயிற்றில் ஒரு உலோகத் தகடு ஈயத்தால் ஒட்டியிருக்கும். அயர்னால் கழற்ற முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் செல்போன் சர்வீஸ் செய்பவர் ஒருவர் சூட்டுக் காற்றால் எடுத்துப் புதியதை வைத்துக்கொடுத்தார்.

இரண்டு வண்டிக்கும் வியாதி வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் பையனால் தன் வண்டியைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது, அந்த அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது, டிசம்பரில் இணையத்தில் அதற்கொரு வாசலும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கும் அதில் வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் பெயரே இல்லாத அலுமினியப் பாக்ஸுக்கு எந்தக் கம்பெனியைத் தேடுவது? இதற்கிடையில் குப்பைமேட்டில் 60 லட்சம் டன்னுக்கு மேல் கிடந்த பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது. மேடு கரையக் கரைய அந்த அம்மாவின் வரும்படியும் கரையும். ஒரு நாள் வண்டி நின்றால் அவருக்கு அன்றைக்குச் சோறு யோசனைதான்.

பேட்டரி வண்டி வாங்குகிறவர்களுக்கும் பழைய வண்டியில் மோட்டார் வைக்கிறவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். எந்த நிற வயர் எதற்கு, எத்தனை ஆம்பியர் தாங்கும், எத்தனை வோல்ட்டில் தானாக நிற்கும் என்று அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். மழைக்காலம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு மூன்று தடித்த வயரின் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். கறுத்திருந்தால் வெட்டிப் புதிதாக லக் அடியுங்கள்.